துண்டும் அனுமதிப்பத்திரமும்

மலைநாட்டுப் பாதை ஒன்றின் வரலாற்றை அறிய விரும்புவோர் இரண்டு வினாக்களுக்கு விடை தேடவேண்டும். அப்பாதையை வெட்டியவர் யார் என்பது ஒன்று. அதில் ஊர்தியேறிச் சென்றவர் யார் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே விடை கிடைக்கும் நாடுகள் உண்டு. ஊவா மாகாணத்து மடுல்சீமையில் நெடுங்காலம் அவ்வாறு கிடைக்கவில்லை.

பதுளையிலிருந்து பசறையை அடைந்து, அங்கிருந்து மலையேறும் பாதை மடுல்சீமைக்குச் செல்கிறது. ஒரு புறம் தேயிலைச் சரிவு. மறு புறம் பள்ளம். மலையின் விளிம்பிலே, பிட்டமாருவைப் பக்கத்தில் நின்று நோக்கினால், நிலம் செங்குத்தாக வீழ்ந்து சமவெளியாகப் பரந்து கிடப்பதைக் காணலாம். இத்தகைய மலையின்மீது, காலைப் பனி இன்னும் கலையாத வேளையில், தோட்டத்து இளைஞன் ஒருவன் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகுகிறான். வண்டியின் முன்னும் பின்னும் 'எல்' என்னும் எழுத்துப் பொறித்த பலகை. சட்டைப்பையிலே பயிலுநர் அனுமதிப்பத்திரம். வழிப்போக்கர் எவரும் இதனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இக்காலத்தில் இஃது அத்துணை இயல்பான காட்சி.

ஆயினும் அவ்விளைஞனுடைய பாட்டனும் பூட்டனும் வாழ்ந்த காலத்தை அறிந்தவர்க்கு அந்தச் சிறு பத்திரம் எளிய பொருளாகத் தோன்றாது. அவர்களும் காகிதங்களைக் கையிலேந்தியே வாழ்ந்தவர்கள். ஆனால் அவர்கள் ஏந்திய காகிதங்கள் வேறு. அவற்றில் எழுதப்பட்டிருந்த சொற்களும் வேறு. அந்தக் காகிதங்களின் வரிசையை ஒருமுறை பின்னோக்கிப் பார்ப்பது பயனுடையது.

முதலிற் பாதையைப் பார்ப்போம். 1815 ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. மூன்று ஆண்டுகளுக்குள், 1817 இல், ஊவாவிலும் வெல்லஸ்ஸையிலும் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அதனை அடக்குவதற்குப் படைகளை மலைக்குள் நடத்திச் சென்றபோதுதான், பாதையின்றி மலைநாட்டை ஆள்வது அரிது என்பதை ஆட்சியாளர் நன்கு உணர்ந்தனர். அதன் பின்னர்ப் பாதை வெட்டும் வேலை விரைவு பெற்றது. கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே 1832 இல் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. இலங்கையின் பாதைகளை அமைத்தவர் என்று புகழ்பெற்ற தோமஸ் ஸ்கின்னர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இப்பணியிற் செலவிட்டார். ஊவாவிலே பதுளையில் அதிகாரம் செலுத்திய மேஜர் றொஜர்ஸ் பல பாதைகள் அமைவதற்குக் காரணராக இருந்தார். அவர் 1845 இல் அப்புத்தளைக் கணவாயில் இடி விழுந்து இறந்தார். பதுளை நகரத்துப் புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாக எழுப்பப்பட்டது.

ஸ்கின்னர் பெயரும் றொஜர்ஸ் பெயரும் நூல்களில் உள்ளன. மண்வெட்டியும் அலவாங்கும் பிடித்தவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. அவர்களுட் சிங்களக் கிராமத்தவர் இருந்தனர். பழைய இராசகாரிய ஊழியமுறை 1833 அளவில் நீக்கப்பட்ட போதிலும், 1848 ஆம் ஆண்டின் பாதைக் கட்டளைச் சட்டம் பதினெட்டு வயதுக்கும் ஐம்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டில் ஆறு நாள் பாதை வேலை செய்யவேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் செலுத்தவேண்டும் என்று விதித்தது. அவர்களோடு தென்னிந்தியத் தமிழரும் இருந்தனர். 'பயனியர்' படை என்று அழைக்கப்பட்ட பாதைப் படையில் இவர்களே மிகுதியாக இருந்தனர். பாலம் கட்டுதல், பாறை உடைத்தல், காடு வெட்டுதல் ஆகிய வேலைகளில் இவர்களுடைய உழைப்பு மலைநாடெங்கும் பரவிக் கிடக்கிறது.

பாதை அமைந்த இடமெல்லாம் கோப்பித் தோட்டமும் பின்தொடர்ந்து சென்றது. பொதிமாடுகள் வரிசையாகச் செல்லும் தவளம் ஒன்றே முன்பு ஊவாவின் வாணிகத்துக்கு வழியாயிருந்தது. கரத்தைப் பாதைகள் ஏற்பட்ட பின்னர் மாட்டு வண்டிகளிற் கோப்பி மூட்டைகள் இறங்கின. அரிசி மூட்டைகள் ஏறின. மடுல்சீமை மலையும் காடு அழிந்து கோப்பி மலையாயிற்று. அக்காலத்தில் உலகத் தாவர நூலாரும் இம்மலையின் பெயரை அறியும்படி ஒரு துயரம் நேர்ந்தது. 1869 ஆம் ஆண்டிற் கோப்பி இலையின் அடிப்புறத்திலே செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பது இலங்கையில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது மடுல்சீமையிலேயாகும். பேராதனைப் பூங்காவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அவ்விலைகளை ஆராய்ந்த பேர்க்லி என்னும் அறிஞர், அப்பூஞ்சணத்துக்குப் பெயரிட்டு, அதே ஆண்டில் விவரித்து எழுதினார். சில ஆண்டுகளிற் காற்று அந்நோயை மலைநாடு முழுவதும் பரப்பிற்று. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழில் வீழ்ந்தது. அதனிடத்திலே தேயிலை வந்தது.

நோய்த்தூள் காற்றிலேறித் தோட்டம் விட்டுத் தோட்டம் சென்றது. அத்தோட்டங்களில் உழைத்த மனிதரோ அவ்வாறு செல்ல முடியாதவர்களாக இருந்தனர். அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டின் ஊடாகத் தம்புள்ளை, மாத்தளை வழியே கால்நடையாக மலைநாட்டுக்கு வந்தவர்கள். அம்மை, வாந்திபேதி, காய்ச்சல், நீரின்மை ஆகியவற்றால் வழியிலே மாண்டவர் பலர். மாத்தளையை அடைந்த பின்னும் ஊவாவுக்குச் செல்ல வேண்டியவர்க்கு மலைமேல் மலையாகப் பல நாள் நடை எஞ்சியிருந்தது. அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்களுக்குத் தோட்டத்தின் எல்லையைத் தாண்டிச் செல்வது பெரும்பாடாகிப் போனது விந்தையே.

இதற்குக் காரணம் கடனும் சட்டமும் ஆகும். ஊரிலிருந்து புறப்படும்போது வாங்கிய முன்பணம், வழிச்செலவு, அரிசிக் கணக்கு எல்லாம் தொழிலாளியின் பெயரிலும் அவனைக் கொண்டுவந்த கங்காணியின் பெயரிலும் ஏறி நின்றன. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுச் சென்ற தொழிலாளி குற்றவாளியாகக் கருதப்பட்டான். அவனைச் சிறைக்கும் அனுப்பலாம். வேறு தோட்டத்துக்கு முறைப்படி மாற விரும்பினால் அதற்குத் 'துண்டு' வேண்டும். துண்டு என்பது தோட்டத்துரை கையொப்பமிட்டுக் கொடுத்த ஒரு சிறு காகிதம். இன்ன தொகை கடனைத் தீர்த்தால் இந்தக் கங்காணியையும் இவருடைய ஆட்களையும் விடுவிக்கச் சம்மதம் என்பது அதன் பொருள். புதிய தோட்டத்துத் துரை அத்தொகையைச் செலுத்துவார், கடன் அவருடைய ஏட்டுக்கு மாறும், ஆட்களும் மாறுவர். இவ்வாறு துண்டு கைமாறும்தோறும் கடன் பெருகிற்றேயன்றிக் குறையவில்லை.

அந்தத் துண்டிலே தொழிலாளியின் திறமையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கவ்வாத்து வெட்டுவதில் வல்லவன் என்றோ, கொழுந்து பறிப்பதிற் கைதேர்ந்தவள் என்றோ அது கூறவில்லை. அவர்கள்மீது உள்ள கடன் எவ்வளவு என்பது ஒன்றையே அது கூறிற்று. இந்தியாவிலும் இலங்கையிலும் எழுந்த கண்டனங்களின் பயனாக 1921 ஆம் ஆண்டில் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலையை விட்டுச் செல்வதைக் குற்றமாக்கிய தண்டனை விதிகளும் அக்காலத்திலேயே நீங்கின.

துண்டு ஒழிந்த மூன்றாம் ஆண்டிலே, 1924 இல், புகையிரதம் பதுளையை அடைந்தது. தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தையும் சுழற்பாதையையும் கடந்து வந்த இரும்புப்பாதை பதுளையோடு முடிவுற்றது. அதற்கு அப்பால் உள்ள பசறைக்கும் லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் பாதை ஒன்றே கதி. ஆகவே மாட்டு வண்டியின் இடத்தை மோட்டார் வண்டி பிடித்துக்கொண்டபோது, அம்மாற்றத்தை மிக ஆழமாக உணர்ந்த ஊர்களுள் மடுல்சீமையும் ஒன்றாயிற்று.

மோட்டார் சைக்கிளின் பிறப்பு வேறொரு நாட்டில் நிகழ்ந்தது. ஜேர்மனியில் டைம்லர் 1885 இல் மரச்சட்டம் பூட்டிய இருசில்லு வண்டியொன்றிற் பெற்றோல் இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். 1894 இல் அதே நாட்டைச் சேர்ந்த ஹில்டெபிராண்ட், வுல்ஃப்மியூல்லர் என்போர் இத்தகைய வண்டிகளை விற்பனைக்காகச் செய்யத் தொடங்கினர். புதிய வண்டி தோன்றியதும் அதை ஓட்டுவோருக்கு அனுமதி வேண்டும் என்னும் எண்ணமும் தோன்றியது. பிரித்தானியாவில் 1903 ஆம் ஆண்டின் மோட்டார்க் கார்ச் சட்டம் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கிற்று. ஆனால் அதைப் பெறுவதற்கு எவ்விதச் சோதனையும் இல்லை. ஐந்து சிலிங் கட்டணம் செலுத்தினாற் போதும். மோட்டார் சைக்கிளுக்குப் பதினான்கு வயதே போதுமானதாக இருந்தது. பாதையில் இறப்புகள் பெருகிய பின்னரே, 1935 இல், புதிதாக ஓட்ட வருவோர் தம் திறமையைச் சோதனையிற் காட்டவேண்டும் என்ற விதி அங்கே நடைமுறைக்கு வந்தது. பணத்துக்குக் கொடுத்த பத்திரம் திறமைக்குக் கொடுக்கும் பத்திரமாக மாறுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன என்பது கருதத்தக்கது.

இலங்கையில் 1938 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க மோட்டார்க் கார்க் கட்டளைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் வண்டிகளையும் சாரதிகளையும் ஒழுங்குபடுத்தின. பின்னர்ப் பல திருத்தங்களைப் பெற்ற 1951 ஆம் ஆண்டின் சட்டமே இன்றும் இத்துறையில் மூலச் சட்டமாக விளங்குகிறது.

தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் முதலில் துரைமாரின் ஊர்தியாகவே வந்தது. குதிரைமீது மலை பார்த்த துரைமாருக்குப் பின், இரைச்சலுடன் மலையேறும் வண்டியில் மலை பார்த்த துரைமார் வந்தனர். பெரிய துரைக்குக் கார், சின்னத்துரைக்கு மோட்டார் சைக்கிள் என்பது பல தோட்டங்களில் வழக்கமாயிற்று. விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் நிற்போருக்கும், மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறிப்போருக்கும் அந்த ஓசை நன்கு பழகியது. கங்காணியின் குரல் உயர்வதும் கைகள் விரைவதும் அவ்வோசையைத் தொடர்ந்து நிகழும். மோட்டார் சைக்கிள் என்றால் அதிகாரம் என்று பொருள்கொண்ட காலம் அது.

அக்காலத்திலும் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து சாரதிகள் தோன்றினர். தோட்டத்து லொறியையும் துரையின் காரையும் ஓட்டியவர்கள் அவர்கள். அனுமதிப்பத்திரம் பெற்ற தோட்டத் தமிழரில் இவர்களே முன்னோடிகள். ஆனால் அவர்கள் ஓட்டிய வண்டி தோட்டத்துக்கு உரியது. அவர்கள் சென்ற பாதையும் பெரும்பாலும் தோட்டத்துக்கே உரியது. தோட்டப் பாதை தனியார் நிலமாகக் கருதப்பட்டமையால், துரையின் அனுமதியின்றி உள்ளே வருவோர்மீது அத்துமீறல் வழக்குத் தொடரப்படலாம். தொழிற்சங்க முன்னோடியாகிய கோ. நடேசையர் தோட்டத்து நிலைமையை அறிவதற்காகப் புடவை வியாபாரி வேடம் பூண்டு உள்ளே சென்றார் என்று கூறப்படுவதன் பின்னணி இதுவே. வெளியார் உள்ளே வரவும் உள்ளோர் வெளியே செல்லவும் பாதை தடையாக நின்றதென்றால், அப்பாதை யாருக்காக அமைந்தது என்று கேட்பதில் தவறில்லை.

1948 இல் நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டில் நிறைவேறிய 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ஒருவர் இலங்கையிற் பிறந்திருத்தல் மட்டும் போதாது. தந்தை பிறந்த இடத்தையும், தேவையாயின் பாட்டன் பிறந்த இடத்தையும் சான்றுடன் காட்டவேண்டும் என்பது அச்சட்டத்தின் போக்கு. லயத்து அறையிற் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கிருந்து வரும்? 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. பிரஜாவுரிமை கிடைத்தது ஒன்றேகால் இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கே. அவ்வாண்டிலேயே வாக்குரிமையும் பறிபோயிற்று.

1964 அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களுள் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று எண்ணிக்கை வகுக்கப்பட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. ஊவாத் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பதுளைப் புகையிரத நிலையத்தை நோக்கி இறங்கின. தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரம் செல்வது அவர்கள் பயணம். முன்னோர் வெட்டிய பாதை, வழித்தோன்றல்கள் விடைபெற்றுச் செல்வதற்குப் பயன்பட்டது.

இங்கே எஞ்சியவர்களுக்கு வேறொரு காகிதம் இன்றியமையாததாயிற்று. 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. அது பிரஜைகளுக்கு உரியது, நாடற்றவர்களுக்கு இல்லை. வங்கியிலே கணக்குத் திறக்கவும், அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கவும், சோதனைச் சாவடியைக் கடக்கவும் அவ்வட்டை வேண்டும் என்ற காலம் வந்தபோது, அஃது இல்லாதவர் படலை தாண்டவே அஞ்சினர். 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டமும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் இந்நிலையை மாற்றின. 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிலையாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரஜைகளே என்று 2003 ஆம் ஆண்டின் சட்டம் கூறிற்று. துண்டு ஒழிந்து எண்பத்திரண்டு ஆண்டுகள் சென்ற பின்னர் இது நிகழ்ந்தது.

இவ்வளவும் கடந்த பின்னரே மடுல்சீமை இளைஞன் அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கும் நிலையை அடைகிறான். அவன் முதலிற் காட்டவேண்டியது தேசிய அடையாள அட்டை. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் வேண்டும். கண்பார்வையும் உடல்நலமும் அங்கே பரிசோதிக்கப்படுகின்றன. நூறு கனசென்ரிமீற்றர் வரையான இயந்திரம் பூட்டிய சைக்கிளுக்கு ஒரு வகுப்பும், அதற்கு மேற்பட்டதற்கு வேறொரு வகுப்பும் உண்டு. அடுத்து எழுத்துச் சோதனை. பாதைக் குறியீடுகளையும் ஒழுங்குவிதிகளையும் பற்றிய வினாக்களுக்குச் சிங்களத்திலோ தமிழிலோ ஆங்கிலத்திலோ விடையளிக்கலாம். இதிற் தேறியவருக்குப் பயிலுநர் அனுமதிப்பத்திரம் வழங்கப்படும். பின்பு சில மாதங்கள் பழகியபின் செய்முறைச் சோதனை. அதிலும் தேறினால் அனுமதிப்பத்திரம் கைக்கு வரும்.

எழுதிப் பார்த்தால் இஃது எளிது. மலையிலிருந்து பார்த்தால் அவ்வளவு எளிதன்று. மருத்துவச் சான்றிதழுக்கும் சோதனைகளுக்கும் பதுளைக்குப் பலமுறை சென்றுவர வேண்டும். காலை முதல் பேருந்தைத் தவறவிட்டால் அன்றைய காரியம் கெடும். தோட்டத்தில் வேலை செய்பவனாயின் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாட்பேர் போய்விடும். பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட பெயர், முன்னொரு காலத்தில் ஏதோ ஓர் எழுதுவினைஞர் செய்த பிழையின் சுமையை இன்றைய இளைஞனின் தோளில் ஏற்றுகிறது. முகவரியும் ஒரு தடையே. லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி இலக்கமோ வீதிப்பெயரோ இல்லை. கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்துக்கு மொத்தமாக வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறி வீட்டை அடைதல் நீண்டகால வழக்கம். தபாலில் வரும் அழைப்புக் கடிதமோ அனுமதிப்பத்திரமோ காலந்தாழ்ந்து வருவதும் உண்டு. வராமற் போவதும் உண்டு.

இத்தடைகளாற் சோர்ந்தவர், பத்திரமில்லாமலே ஓட்டத் தலைப்படுகின்றனர். தோட்டப் பாதைதானே, பொலிஸார் எங்கே வரப்போகின்றனர் என்பது அவர்கள் கூறும் நியாயம். இந்நியாயம் தவறானது. பத்திரமில்லாதவர் விபத்தில் அகப்பட்டால் வழக்குக்கு ஆளாவதுடன் காப்புறுதியின் பயனையும் இழக்க நேரும். தவணைக் கடனில் வாங்கிய வண்டி அழிந்த பின்னும் கடன் அழியாது. முன்னோர் துண்டிலே சுமந்த கடனைப் போல அது குடும்பத்தின்மீது நிற்கும்.

சட்டம் ஒருபுறமிருக்க, மலைப்பாதையும் தன் சோதனையை நடத்துகிறது. 2021 மார்ச் 20 ஆம் நாள் லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட பேருந்து, பசறைப் பதின்மூன்றாம் கட்டைப் பகுதியிற் பள்ளத்தில் வீழ்ந்து பதினான்கு உயிர்களுக்குக் குறையாமற் பலிகொண்டது. பாறை சரிந்து குறுகிய இடத்தில், எதிரே வந்த லொறிக்கு வழிவிடும்போது அது நிகழ்ந்தது. அனுபவமுள்ள சாரதிக்கே இப்பாதை இரக்கம் காட்டவில்லையெனிற் புதியவருக்கு எங்ஙனம் காட்டும்?

ஆகவே இம்மலையிற் பழகுவோர் முதலில் அறியவேண்டியது ஏறுவதன்று, இறங்குவது. இறக்கத்திலே இயந்திரத்தை நிறுத்தி, கியரை விடுவித்து, பெற்றோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி உருளவிடும் பழக்கம் பேராபத்தானது. தாழ்ந்த கியரில் இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி இறங்கவேண்டும். தடுப்பை இடைவிடாது மிதித்தால் அது சூடேறிப் பிடி தளரும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். வளைவினுள்ளே முன்தடுப்பை இறுக்கிப் பிடிக்கலாகாது. கண்ணுக்குத் தெரியாத வளைவில் ஒலியெழுப்பி, இடப்பக்கத்தை விட்டகலாது செல்லவேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை ஊவாவின் கிழக்குச் சரிவுகளில் வடகீழ்ப் பருவமழை கொட்டும். மண்ணும் சருகும் பாதையிற் படிந்து சில்லை வழுக்கும். மாலைப் பனியில் விளக்கை ஏற்றிக்கொண்டு, காணக்கூடிய தூரத்துக்குள் நிறுத்தத்தக்க வேகத்தில் மட்டுமே செல்லலாம். ஓட்டுபவர், பின்னே அமர்பவர் இருவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். இலங்கையில் பதிவு பெற்ற வாகனங்களிற் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. பாதை விபத்துகளில் உயிரிழப்போரிலும் அவற்றிற் செல்வோர் பெருந்தொகையினர். இவ்விரண்டையும் சேர்த்து நினைப்பது புதியவருக்கு நலந்தரும்.

பாதையின் நிலையும் ஓட்டுபவரின் கையில் மட்டும் இல்லை. 1992 இல் அரசுத் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது, மடுல்சீமையின் பெயராலேயே ஒரு பெருந்தோட்டக் கம்பனி தோன்றிற்று. தோட்டத்துக்குள் உள்ள பாதைகள் அதன் பின்னும் ஊர்ச்சபையின் பொறுப்புக்கு வரவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018 இற் செய்யப்பட்ட திருத்தமே அத்தடையைத் தளர்த்திற்று. நூற்றாண்டுக்கு மேலாக லயத்து மக்கள் நடந்த பாதையைப் பொதுப்பணத்தாற் செப்பனிடலாம் என்று சட்டம் கூறியது அப்போதுதான்.

இத்தனைக்கும் பின்னர் அந்த வண்டி தோட்டத்து வாழ்விற் செய்த மாற்றம் சிறிதன்று. நள்ளிரவிலே காய்ச்சலில் துடிக்கும் பிள்ளையைக் கம்பளியிற் சுற்றித் தோளிற் சுமந்து, கரத்தைப் பாதையில் மைல்கணக்காக நடந்த தந்தையர் இருந்த இடம் இது. தோட்டத்து வண்டி கிடைக்குமா என்று பங்களா வாசலிற் காத்து நின்றவர்களும் உண்டு. இன்று அயல்வீட்டு இளைஞனின் மோட்டார் சைக்கிள் ஒன்று போதும், மருத்துவமனைக்கோ பாதைச் சந்திக்கோ விரைந்து செல்ல. தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் நேரத்துக்கு வருகிறார். மலைக்கறி பயிரிடுவோர் பசறைச் சந்தைக்குத் தாமே கொண்டுசெல்கின்றனர். பதுளையில் வேலை பார்க்கும் பெண், இருளுமுன் வீடு திரும்புகிறாள். எவரிடமும் துண்டு கேட்கவேண்டியதில்லை. எவருடைய வாசலிலும் காத்து நிற்கவேண்டியதில்லை.

இப்பொழுது அக்காகிதங்களை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். துண்டு ஒருவரின் கடனைக் கூறிற்று. அதிற் கையொப்பமிட்டவர் துரை. பிரஜாவுரிமைப் பத்திரம் தந்தையும் பாட்டனும் பிறந்த இடத்தைக் கேட்டது. ஒப்பந்தம் மனிதரை இலட்சக் கணக்கில் எண்ணிப் பிரித்தது. அடையாள அட்டை அவர் இந்நாட்டவர் என்று உறுதி கூறிற்று. சாரதி அனுமதிப்பத்திரமோ இவை யாவற்றினின்றும் வேறுபட்டது. இவர் விதிகளைக் கற்றார், சோதனைக்கு வந்தார், ஓட்டிக் காட்டினார் என்று அது கூறுகிறது. தோட்டத்து மனிதர் ஒருவரைப் பற்றி, அவருடைய கடனையோ பிறப்பையோ முன்வைக்காது, அவர் கற்ற ஒன்றை முன்வைத்துப் பேசும் அரச பத்திரங்கள் மிகச் சிலவே. இஃது அவற்றுள் ஒன்று.

ஆதலின் அதனைக் குறுக்குவழியிற் பெறுவதும், பெறாமலே ஓட்டுவதும் அப்பத்திரத்தின் பெருமையை அறியாதார் செயலாகும். சோதனைக்கு வருவோரை ஒருமுறைக்கு மும்முறை அலையவிடுவதும், தபாலை உரிய வீட்டிற் சேர்க்காதிருப்பதும் அவ்வாறே. மலைக்குள்ளேயே ஒரு நாள் மருத்துவச் சோதனையும் எழுத்துச் சோதனையும் நடத்துதல், ஒவ்வொரு லயத்து வீட்டுக்கும் இலக்கமிடுதல், குழி விழுந்த பாதையைச் செப்பனிடுதல் ஆகியவை பெருஞ்செலவு வேண்டாத காரியங்கள். அவை நடைபெறுமாயிற் பத்திரமின்றி ஓட்டுவோர் தொகை தானே குறையும்.

மடுல்சீமைப் பாதையிற் பனி விலகுகிறது. 'எல்' பலகை பூட்டிய வண்டி, தாழ்ந்த கியரில், இடப்பக்கம் ஒதுங்கி, மெல்ல இறங்குகிறது. எதிரே கொழுந்து லொறி ஏறி வருகிறது. மலையேறும் வண்டிக்கு வழிவிடவேண்டும் என்பது முறை. இளைஞன் வண்டியை ஒதுக்கி நிறுத்திக் கால் ஊன்றி நிற்கிறான். லொறி கடந்து சென்றதும் மீண்டும் புறப்படுகிறான்.